நீருக்கு மேல் ஓடும் படகு

மாணவியரே, மழைக்காலம் முடிந்து தென்னேரி நிரம்பித் ததும்பும் நாட்களில் அதன் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். காற்று வீசும், சிற்றலைகள் எழும். அந்த நீர்ப்பரப்பின்மேல் பாய் விரித்த சிறு படகு ஒன்று, தன் அடிப்பாகம் தண்ணீரில் படாமல் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, மோட்டார் சைக்கிளின் வேகத்தில், ஆனால் எஞ்சின் ஓசை எதுவுமின்றி ஓடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். அதை ஓட்டுகிறவர் படகுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை; அதன் பக்கவாட்டில் நீட்டிய சட்டத்தின்மேல், தண்ணீருக்கு வெளியே சாய்ந்து தொங்குகிறார். இது புராணத்துப் புஷ்பக விமானம் அன்று. இன்று உலகின் பல கடற்கரைகளிலும் ஏரிகளிலும் நடக்கும் விளையாட்டு. இவ்வாறு ஓடும் படகை ஹைட்ரோஃபாயில் படகு என்பார்கள்.

நமக்கும் கடலுக்கும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தூரம். பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் போலக் கரைபுரண்டு ஓடுவது அபூர்வம். "படகுப் பந்தயத்தைப் பற்றி நம் பெண்கள் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் பிரிவில் பத்துப் போட்டிகள் நடந்தன. அவற்றில் ஐந்து, நீருக்கு மேல் எழும்பி ஓடும் சாதனங்களுக்கானவை. இந்தியாவின் சார்பில் சென்றவர்கள் இருவர்: சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன். இருவரும் நம் மாநிலத்தவர் என்பது நமக்குப் பெருமை. ஆனால் இருவரும் கலந்துகொண்டது மற்ற ஐந்து போட்டிகளில், அதாவது நீரிலேயே மிதந்து ஓடும் படகுகளில். எழும்பி ஓடும் ஐந்திலும் இந்தியர் எவரும் இல்லை. இந்த இடைவெளி எப்படிப்பட்டது என்பது புரிய வேண்டுமானால், படகு எவ்வாறு எழும்புகிறது, அதைப் பந்தயத்துக்கு எவ்வாறு தயார் செய்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மிதக்கும் படகைத் தாங்குவது ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசை. படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிற்கும் வரை இதில் தொல்லை இல்லை. ஓடத் தொடங்கியதும் அத்தனை தண்ணீரையும் ஒவ்வொரு கணமும் பிளந்து தள்ள வேண்டும். முன்னே ஓர் அலை குவிகிறது. பின்னே ஓர் அலை இழுக்கிறது. அடிப்பாகம் முழுவதும் தண்ணீர் உராய்கிறது. காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் அதன் பெரும்பகுதி இந்த எதிர்ப்பைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே வேகம் வேண்டுமென்றால் படகைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிவிட வேண்டும். தூக்குவது யார்? ஆகாய விமானத்தைத் தூக்கும் அதே சிறகுதான். அதைக் காற்றில் வைக்காமல் தண்ணீருக்கு அடியில் வைக்கிறார்கள்.

ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உங்கள் பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கைவசமாக நீருக்குள் பிடித்து, முன்விளிம்பைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வேகமாக இழுத்துப் பாருங்கள். ஸ்கேல் கையை மேலே தள்ளும். சாய்வை மாற்றினால் கீழே தள்ளும். இழுக்கும் வேகத்தைக் கூட்டினால் தள்ளுவதும் கூடும். ஹைட்ரோஃபாயில் என்பதன் அடிப்படை முழுவதும் இதுவே. தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆகையால் விமானத்துக்கு வேண்டிய அகன்ற இறக்கை இங்கே வேண்டியதில்லை. ஓட்டுபவரையும் சேர்த்து ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள படகைத் தூக்குவதற்கு, நீங்கள் எழுதும் நீள நோட்டைத் திறந்து விரித்தால் எவ்வளவு பரப்பு வருமோ ஏறத்தாழ அவ்வளவு பரப்புள்ள சிறகு போதும். அதை ஒரு மீட்டர் நீளமும் நான்கு விரல் அகலமுமாக ஒடுக்கிச் செய்திருப்பார்கள்.

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. இத்தாலியைச் சேர்ந்த என்ரிகோ ஃபோர்லானினி 1906-இல் மஜ்ஜோரே ஏரியில் எஞ்சின் பூட்டிய ஹைட்ரோஃபாயில் படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்று நாம் பாடத்தில் படிக்கும் அலெக்சாண்டர் கிரகாம் பெல், முதுமையில் இதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் குழுவினர் கட்டிய எச்.டி.4 என்ற படகு 1919 செப்டம்பரில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மணிக்கு சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. அப்போது பெல்லுக்கு வயது 72. ஆனால் அவையெல்லாம் எஞ்சின் படகுகள். காற்றை மட்டும் நம்பி, ஒருவர் தனியாக ஓட்டும் சிறு படகு ஒன்று எழும்பி ஓடிப் புகழ்பெற்றது பின்னாளில்தான்.

அந்தப் படகின் பெயர் மோத். ஆங்கிலத்தில் விட்டில்பூச்சி என்று பொருள். 1928-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லென் மோரிஸ் என்பவர் கட்டிய 11 அடிப் படகிலிருந்து தொடங்கியது இந்த வகை. இன்றைய விதிப்படி நீளம் 3.355 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கச் சட்டங்களையும் சேர்த்து அகலம் 2.25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இவை போன்ற சில வரம்புகளுக்குள் அவரவர் புத்திக்கு எட்டியபடி கட்டிக்கொள்ளலாம். இப்படிச் சுதந்திரம் கொடுத்ததனால்தான் இந்த வகையில் புதுமைகள் பிறந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. சுமார் 2000-ஆம் ஆண்டையொட்டி சிட்னியைச் சேர்ந்த இயன் வார்டு, படகின் நடுக்கோட்டில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டே சிறகுகளைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். பெர்த் நகரின் ஜான் இலெட் அதை மேலும் செம்மைப்படுத்தினார். 2005-இல் மெல்போர்னில் நடந்த உலகப் போட்டியில் ரோஹன் வீல் இத்தகைய படகில் வென்றபோது, மிதந்து ஓடும் மோத் படகுகளின் காலம் முடிந்துவிட்டது.

இரண்டே சிறகு என்பதைக் கவனியுங்கள். ஒன்று நடுப்பலகையின் அடியில். மற்றொன்று சுக்கானின் அடியில். ஒவ்வொன்றும் தலைகீழாகப் பிடித்த ஆங்கில 'டி' எழுத்துப் போல இருக்கும். முன்னும் பின்னும் ஒரே கோட்டில் இரண்டு தாங்கல்கள் என்றால் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? சைக்கிள்தான். நிற்கும்போது விழுந்துவிடும், ஓடும்போது ஓட்டுபவரின் உடம்பே அதை நிமிர்த்தி வைத்திருக்கும். மோத் படகும் அவ்வாறே. நன்றாக ஓட்டுபவர்கள் படகை நேராகக்கூட வைத்திருக்க மாட்டார்கள். சைக்கிளில் வளைவில் சாய்வது போல, காற்று வரும் பக்கமாகப் படகையே சற்றுச் சாய்த்து ஓட்டுவார்கள். அப்போது அவர்கள் உடல் எடையும் சிறகின் தூக்கு விசையும் சேர்ந்து, பாயைப் பக்கவாட்டில் தள்ளும் காற்றை எதிர்க்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சிறகின் தூக்கு விசை நான்கு மடங்காகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று மேல் வகுப்பு மாணவியர் படித்திருப்பீர்கள். கடலில் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மோத் படகு ஏறத்தாழ 8 நாட் வேகத்தில், அதாவது நாம் சைக்கிளில் போகும் வேகத்தில், எழும்பத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 நாட் வரும்போது அதே சிறகு அதே சாய்வில் நான்கு மடங்கு தூக்கும். தாங்க வேண்டிய எடையோ மாறவில்லை. விளைவு என்ன? சிறகே தண்ணீரைவிட்டு வெளியே பாய்ந்துவிடும். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் படகு மூக்குக் குப்புற விழும். எனவே வேகம் கூடக்கூடத் தூக்கு விசையைத் தானாகவே குறைக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு நம் வீட்டு மொட்டை மாடியிலேயே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து, நீர் மட்டம் ஏறினால் தானும் ஏறிக் குழாயை அடைக்கிறது. மட்டம் இறங்கினால் திறக்கிறது. யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மோத் படகில் அந்தப் பந்தின் வேலையை ஒரு மெல்லிய கோல் செய்கிறது. படகின் முன்முனையில், மீனவர் அணியம் என்று சொல்லும் இடத்தில், அது கீல் வைத்துத் தொங்குகிறது. அதன் நுனி தண்ணீரைத் தடவிக்கொண்டே வருகிறது. படகு தாழ்வாக ஓடும்போது தண்ணீர் கோலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த அசைவு ஒரு கம்பியின் வழியாகக் கீழே சென்று, சிறகின் பின்விளிம்பில் உள்ள மடலைக் கீழ்நோக்கி மடக்குகிறது. தூக்கு விசை கூடுகிறது, படகு ஏறுகிறது. ஏறியதும் ரப்பர்க் கயிறு கோலை முன்னுக்கு இழுக்கிறது, மடல் மேல்நோக்கித் திரும்புகிறது, ஏற்றம் நிற்கிறது. ஒரு வினாடிக்குள் இது பலமுறை நடக்கும். பாட்டரியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு கோல், ஒரு ரப்பர், ஒரு கம்பி. நான் படித்தவற்றுள் இத்தனை எளிமையான சாதனம் இவ்வளவு கடினமான வேலையைச் செய்வது அபூர்வம்.

இனி, படகைப் பந்தயத்துக்குச் சீர்செய்யும் கதைக்கு வருவோம். இதற்கு நல்ல உவமை பட்டம். பட்டம் விட்டவர்களுக்குச் சூத்திரம் கட்டுவது என்றால் தெரியும். எத்தனை அழகான தாளில் செய்தாலும், நூல் சேரும் இடத்தில் சூத்திரம் அரை விரல் ஏறியோ இறங்கியோ போனால் பட்டம் எழும்பாது. அல்லது எழும்பித் தலைகீழாகக் குத்தும். காற்று மெலிந்த நாளுக்கு ஒரு சூத்திரம், பலத்த நாளுக்கு வேறு சூத்திரம். ஹைட்ரோஃபாயில் படகில் அந்தச் சூத்திரத்தின் இடத்தில் இருப்பது சிறகின் சாய்வு. மெல்லிய காற்றில் சீக்கிரம் எழும்ப வேண்டும் என்று சாய்வைக் கூட்டினால், வேகம் வந்தபின் அதுவே தடையாக இழுக்கும். குறைத்தால் வேகம் கிடைக்கும். ஆனால் மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் நீங்கள் தண்ணீரில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாகையில் ஒரு பின்னத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

பின் சிறகின் சாய்வை ஓடும்போதே மாற்றலாம். சுக்கானைத் திருப்பும் கைப்பிடித் தண்டை, மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போல முறுக்கினால் போதும். பின்பக்கம் கூடுதலாகத் தூக்கினால் மூக்கு தாழும். குறைத்தால் மூக்கு நிமிரும், முன் சிறகின் சாய்வும் அதனுடன் மாறும். கோலின் நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். நீளமான கோல் படகை உயரத்தில் ஓட வைக்கும்; குட்டையானது தாழ்வாக ஓட வைக்கும். உயரே ஓடினால் தண்ணீருக்குள் இருக்கும் தண்டின் நீளம் குறைகிறது, எதிர்ப்பும் குறைகிறது. ஆனால் ஓர் அலைப்பள்ளம் வந்துவிட்டால் சிறகு வெளியே தலைநீட்டிவிடும். ஆகவே அமைதியான ஏரியில் உயரம், அலையுள்ள கடலில் தாழ்வு. காற்று பலமாக இருந்தால் பாயை இழுத்துத் தட்டையாக்க வேண்டும். மெலிந்தால் வயிறு விட்டுத் தளர்த்த வேண்டும். இதை நம் கடற்கரையில் பாய் விரித்த எந்தப் பெரியவரும் சொல்லிவிடுவார்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்கு அடுத்த விஷயம் எளிதில் விளங்கும். கோலுக்கும் மடலுக்கும் இடையேயுள்ள கம்பியிலோ கீலிலோ கொஞ்சம் 'ஆட்டம்' இருந்தால் என்ன ஆகும்? ஸ்டியரிங்கில் ஆட்டம் உள்ள வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். கோல் அசைந்த பிறகும் மடல் ஒரு கணம் சும்மா இருக்கும்; பிறகு திடீரென்று அசையும்; படகு குதிரை போலத் துள்ளும். எனவே ஓட்டுபவர்கள் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தட்டி ஆட்டிப் பார்க்கிறார்கள். சிறகின் மேற்பரப்பை மிக நுண்ணிய வாட்டர் பேப்பரால் தேய்க்கிறார்கள். காரின் பெயிண்ட் பிரிவில் தேய்ப்பார்களே, அதே விதமாக. முன்விளிம்பில் நகக்கீறல் அளவு பள்ளம் இருந்தாலும் நிரப்பித் தேய்ப்பார்கள். இரண்டு சிறகுகளும் ஒன்றுக்கொன்று கோணல் இல்லாமல் நிற்கின்றனவா என்று படகைக் கவிழ்த்துப் போட்டுப் பார்வைக் கோட்டில் சரிபார்ப்பார்கள். சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்ப்பதும் இதுவும் ஒரே வேலைதான்.

செய்த மாற்றம் பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? காற்று ஒரு நிமிடம் இருந்தபடி மறுநிமிடம் இருப்பதில்லை. தனியாக ஓடினால் வேகம் கூடியது மாற்றத்தினாலா, காற்றினாலா என்று சொல்ல முடியாது. இதற்கு அவர்கள் கையாளும் முறை நம் ஆய்வகத்துக்கே உரியது. இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கமாக, ஒரே காற்றில், ஒரே திசையில் ஓடுகின்றன. ஒன்றில் எதையும் மாற்றுவதில்லை. மற்றொன்றில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். சில நிமிடங்கள் ஓடிய பின் எது முன்னால் வந்தது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்: தேதி, காற்றின் வேகம், அலை, கோலின் நீளம், சாய்வு, முடிவு. பிறகு அடுத்த மாற்றம். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போகும். ரசாயனப் பரிசோதனையில் அவசரப்படும் மாணவியர்க்கு நாங்கள் சொல்வதும் இதைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பந்தயத்தில் எதிரிகளாக இருக்கப் போகும் இருவர் பயிற்சியில் ஒருவருக்கொருவர் அளவுகோலாக இருக்கிறார்கள். துணைப் படகு இல்லாதவருக்குச் சீர்செய்யும் கலை கைகூடுவது கடினம்.

பந்தயம் காற்றை எதிர்த்துச் சென்று ஒரு மிதவையைச் சுற்றி, காற்றுடன் திரும்பி வருவதாக அமையும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. இடமும் வலமுமாக மாறிமாறி வளைந்துதான் ஏற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எழும்பி ஓடும் படகு காற்றுடன் திரும்பும்போதும் வளைந்துதான் வர வேண்டும். காரணம் இது. காற்றே இல்லாத விடியற்காலையில் சைக்கிளில் போனாலும் முகத்தில் காற்று அடிக்கிறது அல்லவா? அது நம் வேகம் உண்டாக்கிய காற்று. 12 நாட் காற்றில் 20 நாட் வேகத்தில் ஓடும் படகுக்கு, அது எந்தப் பக்கம் போனாலும் காற்று முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். ஆகவே பாயை எப்போதும் இறுக்கியே வைத்திருப்பார்கள். காற்றைவிட வேகமாகக் காற்றினாலேயே ஓட முடிகிற விந்தைக்கும் காரணம் இதுவே. மோத் படகுகள் 30 நாட்டுக்கும் மேலான வேகத்தைத் தொட்டிருக்கின்றன; அது மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் அதிகம்.

வளையும் இடத்தில்தான் வெற்றி தோல்வி. அந்தச் சில வினாடிகளில் ஓட்டுபவர் பாய்க்கு அடியில் குனிந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவ வேண்டும். படகோ சிறகின் மேலேயே இருக்க வேண்டும். தேர்ந்தவர்கள் தண்ணீரைத் தொடாமல் திரும்பிவிடுகிறார்கள். மற்றவர்களின் படகு பொத்தென்று விழுந்து நிற்கும். மறுபடி எழும்புவதற்குள் பலர் கடந்து போய்விடுவார்கள். சில சமயம் சிறகு மேற்பரப்புக்கு மிக அருகில் வரும்போது, மேலிருக்கும் காற்று தண்டின் வழியாக உறிஞ்சப்பட்டுச் சிறகின் முதுகில் படர்ந்துவிடும். அந்தக் கணமே தூக்கு விசை போய்விடும். ஓட்டுபவர் முன்னே தூக்கி எறியப்படுவார். சிறகின் விளிம்பு கத்தி போன்றது. ஆகையால் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து இறங்குவதே பாதுகாப்பு. வேகத்தின் விலையை இந்த விளையாட்டு அறிந்தே இருக்கிறது. 2013 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமெரிக்கக் கோப்பைப் போட்டிக்கான பெரிய இரட்டைப் படகு ஒன்று பயிற்சியின்போது கவிழ்ந்து உடைந்ததில், ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார்.

பெண்கள் இதில் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். எடை குறைந்தவர் விரைவில் எழும்பலாம். காற்று பலத்தால் எடை கூடியவருக்குச் சாதகம். எனவே காற்றுக்குக் காற்று நிலைமை மாறும். ஒலிம்பிக்கில் நாக்ரா 17 என்ற எழும்பி ஓடும் படகை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் செலுத்த வேண்டும் என்பது விதி. இத்தாலியின் கத்தெரீனா பாந்தி, ருஜ்ஜெரோ தீத்தாவுடன் சேர்ந்து டோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் வென்றார். பாரிசில் சிறகு பொருத்திய பாய்ப்பலகையில் பெண்களுக்கான தங்கத்தை இத்தாலியின் மார்த்தா மஜ்ஜெத்தியும், பட்டம் இழுக்கும் பலகையில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் பெற்றனர்.

அந்த நாக்ரா 17 இரட்டை உடல் கொண்ட படகு. அவ்வகைப் படகுக்கு உலகம் முழுதும் வழங்கும் பெயர் கேட்டமரான். அது நம் கட்டுமரம் என்ற சொல்லே. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியரின் நூல் வழியாக அச்சொல் ஆங்கிலத்தில் பரவியது. உண்மையில் இரட்டைப் படகின் அமைப்பு பசிபிக் தீவினரிடமிருந்து வந்தது. பெயரை மட்டும் நாம் கொடுத்திருக்கிறோம். ஆனால் சீர்செய்யும் கலையை நம் மீனவர் அறியாதவர் அல்லர். கட்டைகளைக் கடலுக்குப் போகும்போது கட்டி, திரும்பியதும் அவிழ்த்துக் காயவைத்தார்கள். பருவத்துக்கும் மீனுக்கும் தக்கபடி கட்டைகளின் எண்ணிக்கையை மாற்றினார்கள். பக்கவாட்டில் நழுவாதிருக்கப் பலகையை நீருக்குள் செருகினார்கள்.

விளையாட்டாகப் பாய்மரம் ஓட்டுவது சென்னையில் 1911 முதல் நடைபெற்று வருகிறது. அந்த ஆண்டில்தான் மதராஸ் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியால் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த வர்ஷா கௌதம், சுவேதா ஷெர்வேகருடன் சேர்ந்து 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 35-ஆவது இடம். பாரிசில் 43 பேரில் 21-ஆவது. மூன்று ஆண்டுகளில் பதினான்கு படி ஏறுவது எத்தகைய உழைப்பு என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023-இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா பாய்மரத்தில் மூன்று பதக்கங்கள் பெற்றது. மூன்றும் எழும்பாத வகைகளில். அங்கே நாக்ரா 17 பிரிவில் சித்தேஷ்வர் தோய்ஃபோடேயுடன் ரம்யா சரவணன் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். எழும்பி ஓடும் படகு நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று என்பதற்கு அது சான்று. இடைவெளிக்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் கருதவில்லை. நேத்ரா ஓட்டும் வகையில் எல்லாருடைய படகும் ஒரே அச்சில் வார்த்தது. ஓட்டுபவரின் உடலும் அறிவுமே வேறுபாடு. எழும்பி ஓடும் வகைகளிலோ கார்பன் இழைச் சிறகுகள் வேண்டும். ஒன்று உடைந்தால் மாற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் முன்பு சொன்ன துணைப் படகு வேண்டும். பத்துப் பேர் ஒரே துறையில் கூடி ஓட்டும் நாட்டில் ஓராண்டில் எழுதி முடிக்கும் குறிப்பேட்டை, தனியாக ஓட்டுபவர் ஐந்தாண்டிலும் எழுத முடியாது.

ஏரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-இல் பெண்கள் பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூருக்கு அப்போது வயது 17. அவர் கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். போபாலின் பெரிய ஏரியில் பயின்றவர். ஆனால் சிறகுள்ள படகுக்கு நம் ஏரிகள் ஒத்துவருமா என்றால், இப்போதைக்குச் சந்தேகமே. ஒரு மீட்டர் நீளத் தண்டும் அதன் அடியில் சிறகும் தடையின்றி ஓட ஆள் ஆழத் தண்ணீராவது வேண்டும். கோடையில் அது இராது. மழைக்காலத்தில் இருந்தாலும் அடியில் கருவேல மரங்கள் மூழ்கியிருக்கும், மேலே ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும், நடுவே மீன் வலைகள் கிடக்கும். ஒரு கொடி சிறகில் சுற்றினாலே படகு விழுந்துவிடும்.

சிறுமியர் தொடங்குவதற்குச் சிறகு தேவையுமில்லை. உலகெங்கும் 15 வயது வரையுள்ளவர்கள் கற்பது ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர் நீளமுள்ள, பெட்டி போன்ற படகில். அது 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவரால் வடிவமைக்கப்பட்டது. ஒரு பாய், ஒரு பலகை, ஒரு சுக்கான், அவ்வளவே. நேத்ராவும் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் முதன்முதலாகப் பாயின் கயிற்றைப் பிடித்தார். அத்தகைய முகாமுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் முதலில் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏனெனில் அங்கே தொடக்கத்தில் சொல்லித்தரும் பாடங்களுள் ஒன்று, படகை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டு, நீந்தியபடியே நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, அதை மறுபடி நிமிர்த்துவது.